மெதுவான கணினி பழுதான கணினியா?

மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுப் பசியாறச் சென்று, திரும்பி வந்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைக் காணும் மாணவர்கள் பலர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றலுக்காக மலேசியக் குடும்பங்கள் பல அப்போது அவசர அவசரமாக மலிவுவிலை மடிக்கணினிகளை வாங்கின. அன்று நான்காம் ஆண்டில் பயின்ற பிள்ளை இன்று நான்காம் படிவத்தில் இருக்கிறார். பிள்ளைக்குப் பாடம் கூடிவிட்டது. கணினிக்கு வயது கூடிவிட்டது.

‘இது பழசாகிவிட்டது, புதியது வாங்கலாம்’ என்று வீட்டில் பேச்சு எழுகிறது. எஸ்.பி.எம். தேர்வை எண்ணிப் பெற்றோரும் தவணை முறையில் வாங்க ஆயத்தமாகின்றனர். பிள்ளையின் படிப்பு என்றால் கணக்குப் பார்க்காத பெற்றோர் நம்மிடையே அதிகம். ஆனால், கணினியின் பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமலேயே எடுக்கப்படும் இந்த முடிவு பெரும்பாலும் அவசர முடிவுதான். மெதுவாக இயங்கும் கணினி எல்லாம் பழுதான கணினி அன்று.

பழைய மலிவுவிலை மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டுதான் சேமிப்பகமாக உள்ளது. அதனுள் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டும், அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து தரவைப் படிக்கும் ஒரு முனையும் இருக்கின்றன. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் அந்த முனை இடம் தேடி நகர்கிறது. மாணவர் காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இந்தத் தேடலுக்கே செலவாகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே கிடையாது. வன்தட்டை எடுத்துவிட்டு அதே 2.5 அங்குல இடத்தில் இதைப் பொருத்தினால், சில நிமிடங்கள் எடுத்துக்கொண்ட தொடக்கம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். செலவோ புதிய மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு பங்கு. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மட்டுமல்லாமல், சிறிய பட்டணத்துக் கணினிக் கடைகளிலும் இதைச் செய்து தருகிறார்கள்.

அடுத்து, ரேம் என்னும் தற்காலிக நினைவகம். இதைப் படிப்பு மேசைக்கு ஒப்பிடலாம். மேசை சிறிதாக இருந்தால், ஒரு புத்தகத்தை எடுக்கும்போது இன்னொன்றை அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். 4 ஜிகாபைட் ரேம் உள்ள கணினியில் உலாவியின் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்தால் இதுதான் நடக்கிறது. இடம் போதாதபோது கணினி, சேமிப்பகத்தையே ரேமுக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறது. அந்தச் சேமிப்பகமும் வன்தட்டாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ரேமை 8 ஜிகாபைட்டாக உயர்த்தினால் பள்ளி வேலைகளுக்குப் போதும். வாங்குமுன் கணினிக்குப் பொருந்துவது டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியவையும் உள்ளன. தேவையற்ற செயலிகள் தாமாகத் தொடங்குவதை நிறுத்தலாம். விசிறியில் படிந்த தூசியை அகற்றலாம். சூடேறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெத்தையின்மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்று புகும் துளைகள் அடைபடுகின்றன.

மின்கலத்தின் நிலை வேறு. லித்தியம் அயனி மின்கலம் 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. எப்போதும் நூறு விழுக்காடு மின்னேற்றத்தில் வைத்திருப்பதும் வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கும். 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளில் உண்டு. திரையின் ஒளியைக் குறைத்தாலே கூடுதல் நேரம் கிடைக்கும். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் கூடாது. அதை அழுத்தாமல், குத்தாமல், பயன்பாட்டை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

எல்லாக் கணினிகளையும் இவ்வாறு மீட்டுவிட முடியும் என்று கூறுவது நேர்மையாகாது. மிக மலிவான சிலவற்றில் ரேமும் சேமிப்பகமும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. அவற்றை மாற்ற வழியில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. அவற்றில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தை உலாவி வழியே திறக்கலாம் என்பதால் பெரும்பாலான பள்ளி வேலைகள் தடைபடா. ஆயினும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் தேவைப்படும் மாணவருக்கு இது தீர்வாகாது.

இது பணம் சார்ந்த விவகாரம் மட்டுமன்று. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம வெளியேற்றத்தின் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளிவரும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டின்கீழ் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிட்டுள்ளன. குப்பைத் தொட்டியில் வீசத்தக்க பொருளன்று அது.

பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்புப் புள்ளி வழங்கி, அதை விலையோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். நம் கடைகளிலும் இத்தகைய புள்ளி இடம்பெற வேண்டும். அது வரும்வரை, மலிவுவிலை மடிக்கணினி வாங்கச் செல்லும் மாணவரே விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இதன் ரேமைக் கூட்ட முடியுமா? மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா?