சிறுதொழிலும் பெருஞ்சுமையும்

பென்னலூர் நெடுஞ்சாலையோரம் நின்று நோக்குவோர்க்குப் பெருந்தொழிற்சாலைகளே முதலில் கண்ணிற்படும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கிற்று. பின்னர் ஒரகடம்வரை ஆலைகள் பெருகின. அவற்றின் நிழலில் லேத் பட்டறையும் வாடகை வேனும் உணவு விடுதியும் நடத்தும் சிறுதொழிலர் படும் பாட்டை நினைப்பார் சிலரே.

எம் மாணவர் ஒருவர் பல நாள் வகுப்புக்கு வரவில்லை. காரணம் வினவினோம். "அத்தா மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை ஐயா, பட்டறையில் நான்தான் உடன் நிற்கிறேன்" என்றார். அப்பட்டறையில் தொழிலாளர் நால்வர். பொறியில் நிற்பவரும், இரும்பு வாங்குபவரும், சரக்கை ஒப்படைப்பவரும், இரவில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பவரும் தந்தையார் ஒருவரே. மாதம் பிறந்தால் கூலி கொடுத்தாக வேண்டும். செய்து கொடுத்த வேலைக்கோ மூன்று திங்களாகப் பணம் வரவில்லை.

இத்தகையோரை மனத்திடம் அற்றவர் என்பது பொருந்தாது. அவர்தம் சுமையில் ஒரு பாதி அவர் கையில் உள்ளது. மறுபாதி பிறர் கையில் உள்ளது.

தம் கையில் உள்ளதற்கு வழி, அளவறிதல். வள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரமே வகுத்தார். வரும் வேலையையெல்லாம் ஏற்பது திறமை அன்று. "இம்மாதம் இயலாது" என மறுப்பதும் தொழிலறிவே. வீட்டுப் பணமும் பட்டறைப் பணமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். நம்பத்தகுந்த தொழிலாளரிடம் ஒரு பொறுப்பையேனும் ஒப்படைத்தல் வேண்டும். ஒரே நிறுவனத்தை நம்பியிருத்தலும் தீது. 2006இல் திருப்பெரும்புதூரில் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதை இவ்வட்டாரம் மறந்திராது.

மறுபாதிக்குச் சட்டம் உண்டு. குறு, சிறு தொழில்களிடம் கொள்முதல் செய்வோர், ஒப்பந்தம் எவ்வாறிருப்பினும், 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டியும் சேரும். ஆயினும், கேட்டால் அடுத்த வேலை கிட்டாதே என்னும் அச்சம் வாயை அடைக்கிறது. தனியொருவர் கேட்க அஞ்சுவதை, சங்கமாகக் கூடிக் கேட்கலாம் அன்றோ?

"வேலை தேடாதீர், வேலை தருவீர்" என்று மேடைதோறும் மாணவர்க்கு உரைக்கிறோம். தொழில் தொடங்கக் கற்பிக்கும் நாம், அச்சட்டத்தையும் அளவறிதலையும் கற்பித்தோமா? ஆசிரியர்கள் இதனை எண்ணுதல் வேண்டும். ஊர்ப் பெரியோர், தம்மிடம் வேலை செய்து கொடுத்த சிறுதொழிலர்க்கு உரிய நாளில் பணம் தந்து வழிகாட்டுதல் வேண்டும். மாணவரே, வாரம் ஒரு மாலை தந்தையாரின் கணக்கேட்டருகே அமர்வீர். வகுப்பை மட்டும் விடாதீர். தந்தையின் சுமை மகனின் படிப்பை விழுங்கிவிடுமாயின், அப்பட்டறையின் ஈட்டம் யாருக்காக?