பழைய காருக்குச் சலுகை: கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை



"சார், பழைய காரை ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் அரசாங்கம் சலுகை தருதாமே, கொடுத்துடலாமா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் திட்டம் என்ன என்று பார்ப்போம். 2021 பட்ஜெட்டில் அறிவித்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்தது இது. அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையும் மாநிலங்கள் குறைக்கலாம். பழைய வண்டியின் இரும்பு விலை தனி. இன்னொரு பக்கம், 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது.

நோக்கம் நல்லது. புகை குறைய வேண்டும், எண்ணெய் மிச்சமாக வேண்டும். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதனால் நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. என் குறை ஒன்றுதான். இந்தச் சலுகை வண்டியின் வயதைக் கேட்கிறது, புது வண்டியின் விலையைக் கேட்கிறது. மைலேஜை மட்டும் கேட்பதே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வந்த விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 8 லட்ச ரூபாய் கார் என்றால் வரி 1,04,000. முழு 25 சதவீதமும் தள்ளுபடி கிடைத்தால் மிச்சம் 26,000. 18 லட்ச ரூபாய் கார் என்றால் வரி 3,24,000, மிச்சம் 81,000. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் போன சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, 12 கிலோமீட்டர் போகும் பெரிய காரை வாங்குபவருக்குத்தான் பெரிய பரிசு! எண்ணெய் முன்பைவிட அதிகமாகத்தான் செலவாகும்.

அடுத்த கணக்கு. என்னைப் போல ஓய்வு பெற்றவர் வீட்டுக் கார் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும். 12 கிலோமீட்டர் தரும் காரை விட்டு 20 தரும் காருக்கு மாறினால் 250 லிட்டர் 150 ஆகும். மிச்சம் 100 லிட்டர். நம்மூரிலிருந்து ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 40,000 கிலோமீட்டர் என்று வைப்போம். அது 8-லிருந்து 12-க்கு மாறினாலே 5,000 லிட்டர் சுமார் 3,333 ஆகிவிடும். மிச்சம் 1,667 லிட்டர். பதினாறு மடங்குக்கும் மேல். ஆனால் வரித் தள்ளுபடியின் வரம்பு வீட்டுக் காருக்கு 25 சதவீதம், வேனுக்கு 15 சதவீதம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 12-க்கும் 20-க்கும் வித்தியாசம் 8. 8-க்கும் 12-க்கும் வித்தியாசம் 4. ஆனால் 100 கிலோமீட்டருக்கு முதல் மாற்றத்தில் மிச்சமாவது 3.3 லிட்டர், இரண்டாவதில் 4.2 லிட்டர். மோசமான மைலேஜ் வண்டியைக் கொஞ்சம் திருத்தினாலும் லாபம் அதிகம். வகுத்தல் கணக்கு அப்படி.

அமெரிக்காவில் 2009-இல் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. அங்கே மைலேஜைக் கேட்டார்கள். பழைய வண்டி லிட்டருக்கு ஏறக்குறைய 7.6 கிலோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ தர வேண்டும், புதுக் கார் 9.3-க்கு மேல் தர வேண்டும். வித்தியாசத்தைப் பொறுத்து 3,500 அல்லது 4,500 டாலர். இரண்டு மாதத்துக்குள் சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டிகள் போயின. அதிலும் குறை உண்டு. எப்படியும் சில மாதங்களில் கார் வாங்கவிருந்தவர்களே முந்திக்கொண்டு வாங்கினார்கள் என்று பின்னால் ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி.

"சார், கார் விற்றால்தானே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நம்ம பசங்களுக்கு வேலை?" என்று கேட்பீர்கள். உங்களில் பலர் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள், எனக்கும் அக்கறை இருக்கிறது. சலுகையை மைலேஜோடு கட்டினால் விற்பனை நின்றுவிடாது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும் வண்டி அதிகம் விற்கும், அவ்வளவுதான்.

நம்மூரில் பழைய பட்டுப்புடவை வாங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு எத்தனை வயது என்று பார்த்து விலை போடுவதில்லை. ஜரிகையை உரசிப் பார்த்து, வெள்ளி எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுத்தான் பணம் தருவார்கள். அரசாங்கமும் அப்படிச் செய்யட்டும். எத்தனை லிட்டர் மிச்சமாகும் என்று பார்த்துச் சலுகை கொடுக்கட்டும். தினமும் ஓடும் வேனுக்கும் டாக்சிக்கும் முதலில் கொடுக்கட்டும்.

இனி போனில் கேட்டவர்களுக்குப் பதில். உங்கள் கார் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, எப்.சி.யும் புகைப் பரிசோதனையும் தேறுகிறது என்றால் அவசரப்படாதீர்கள். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்தில் மிச்சமாவது 10,000. புதுக் காரின் ஒரு மாதத் தவணைக்கே அது போதாது. டிராவல்ஸ் ஓட்டுபவர்கள், தினமும் தூரம் போய்வருபவர்கள் தாராளமாக மாற்றலாம்.

எப்படியானாலும் புரோக்கரிடம் வாய்ப்பேச்சில் வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருந்தால், வண்டி எங்கே போய் என்ன செய்தாலும் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுங்கள், சான்றிதழை வாங்குங்கள், ஆர்.சி. ரத்தானதை உறுதி செய்யுங்கள்.

வேன், டாக்சி வைத்திருக்கும் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
காஞ்சிபுரம்