உடைந்த கலமும் உயர்ந்த செங்கோலும்

அரசின் பெருமையை அரியணையிற் காணலாகாது. துறைமுகத்திற் காணல் வேண்டும் என்பது என் துணிபு. உற்றாரும் ஊரும் அற்ற அயலான் ஒருவன், தன் பொருளைக் கடலுக்குப் பறிகொடுத்துக் கரையேறி நிற்கும்போது அவனுக்கு அரசு யாது செய்தது? செங்கோலை அளக்கும் கோல் இதுவே.

அண்மையில் என் மாணவர் சிலர் சொற்போட்டி ஒன்றின்பொருட்டு அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனின் கொள்கைகளைக் கற்றனர். எல்லா நாட்டாருடனும் அமைதியும் வாணிகமும் நட்பும் வேண்டும், சிக்கலில் மாட்டும் கூட்டு எவருடனும் வேண்டா என்று அவர் 1801இல் பதவியேற்றபோது உரைத்தார். உயர்ந்த உரைதான். ஆயினும் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கக் கலங்களை இடர்ப்படுத்தியபோது, அவரே 1807இல் தம் நாட்டுக் கலங்கள் பிறநாட்டுத் துறைகளுக்குச் செல்லுதலைத் தடுத்தார். தம் வணிகரே வாடினர். 1809இல், பதவி நீங்குதற்குச் சில நாள் முன்னர், அத்தடையை நீக்கும் சட்டத்திலும் அவரே ஒப்பமிட்டார்.

“ஐயா, நம்மவர் நாட்டில் இத்தகைய கொள்கை வகுத்தோர் இலரோ?” என்று வினவினான் ஒரு மாணவன். மறுமொழி கூறாது, குறிகாட்டுவானில் அவர்களைப் படகேற்றி நயினாதீவுக்கு அழைத்துச் சென்றேன்.

நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது அக்கல். 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. தொடக்கப்பகுதி சிதைந்துபோயிற்று. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும் என்கிறது ஆணை. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று கூறும் உடையவனுக்கு. பிற வாணிகக் கலம் உடைந்தாற் பாதிக்குப் பாதி.

இதனை அருளின் எல்லையென்று போற்றுவார் உளர். யான் அத்துணை செல்லேன். அரசன் பொருள் மூன்றென வகுத்த வள்ளுவர், உறுபொருளை முதலில் வைத்தார். உடையவர் இன்மையால் தானே வந்துற்ற பொருள் அஃது என்பது பரிமேலழகர் கருத்து. உடையவன் உயிரோடு கரையில் நிற்க, அவன் சரக்கிற் பாதி உறுபொருள் ஆவது எங்ஙனம்? மேலும், யானை குதிரைக்கு மாத்திரம் சலுகை காட்டியது அவற்றின்மேல் மன்னன் வைத்த விருப்பத்தால் என்பதைக் கல்லே மறைக்கவில்லை. 1244இல் மோட்டுப்பள்ளித் துறையில் ஆணை பொறித்த காகதீய வேந்தன் கணபதிதேவனோ, முன்னை அரசர் உடைந்த கலத்தின் சரக்கு முழுவதையும் கவர்ந்தனர் எனக் கூறி, வழக்கமான சுங்கமே தனக்குப் போதும் என்றான். அவன் அறம் ஒருபடி மேலானது.

ஆயினும் பராக்கிரமபாகு இரண்டு செய்தான். தான் கொள்வதற்கு ஓர் எல்லை வகுத்தான்; அதனைக் கல்லில் வெட்டினான். எல்லை கல்லில் நின்றால், துறையதிகாரி தன் விருப்பப்படி கைநீட்ட இயலாது. அதனினும் பெரிது, ஆணையைத் தமிழில் வெட்டியமை. சிங்கள வேந்தனுக்குத் தமிழில் எழுதவேண்டிய கட்டாயம் யாது? கேட்போர்க்கு விளங்காத ஆணை ஆணையன்று என்பதை அவன் அறிந்திருந்தான் என்றே கொள்வேன்.

இவ்விடத்தில் என் நெஞ்சு நோகின்றது. 1956இல் சிங்களம் மாத்திரமே ஆட்சிமொழியாயிற்று. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் சில மாதங்களுக்கு முன், எம் அயலிலுள்ள முதியவள் ஒருத்தி அலுவலகக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, “பண்டிதர் ஐயா, இதில் என்ன இருக்கிறது?” என்றாள். முழுதும் சிங்களம். எனக்கும் வாசிக்கத் தெரியாது. வாசிப்பாரைத் தேடி ஊர் கடந்து சென்று மீள்வதற்குள், அதிற் குறித்த தவணை கழிந்துவிட்டது.

பரதேசி வணிகனுக்கு விளங்கும் மொழியில் எழுதினான் பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னன். சொந்த நாட்டுக் கிழவிக்கு விளங்கும் மொழியில் ஒரு கடிதம் எழுதுவது இன்று அத்துணை அரிதோ?

மாணவர்காள், ஜெபர்சனையும் கற்பீர், வேண்டா என்கிலேன். ஆனால் உரையைக் கற்றபின், உரைத்தவன் துறையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அக்கேள்வியை நம் துறையிலும் கேளுங்கள்.