கடைமடையில் நின்று பார்க்க வேண்டும்

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றில் ஒரு மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் பக்கம் புது ஆறு என்போம். வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது சத்தம் போட்டால் அப்பா மதகுக்குப் போக மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்காலின் கடைசிக்குப் போய், அங்கிருந்து மேலே நடந்து வருவார். "மதகுல நின்னு பாத்தா எல்லாருக்கும் தண்ணி போவுதுன்னுதான் தெரியும்" என்பார்.

அவர் மகள் நான், இணையதளங்களைக் கவனிக்கும் தொழிலில் இருக்கிறேன். பள்ளிக்கூடம், அரிசி ஆலை, உழவர் நிறுவனம் என்று சின்னச் சின்னத் தளங்கள். ஒரு தை மாதம் அப்பா சொன்னதை மறந்தேன்.

சம்பா அறுப்பு நேரம். உழவர் நிறுவனம் ஒன்றின் உறுப்பினர்கள், தளத்துக்குள் நுழைந்து அறுப்பு மெஷினுக்கு முறை பதிந்துகொள்ள வேண்டும். அதற்காக 'உறுப்பினர் வாசல்' என்று தமிழிலேயே ஒரு நுழைவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பெரியப்பா முறையாகிற ஒருவர் கூப்பிட்டார். "ஏம்மா, உம் பொட்டி உள்ளாற விடவே மாட்டேங்குது. திண்ணையிலயே உக்கார வக்கிது." எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டால், பிழை என்றுகூடச் சொல்லாமல் அதே பக்கம் திரும்ப வருகிறதாம். நான் திறந்து பார்த்தேன். எல்லாம் ஓடியது. "கடவுச்சொல்லை மறந்திருப்பீங்க பெரியப்பா" என்றேன். மதியத்துக்குள் பதினோரு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். பதினோரு பேருமா மறப்பார்கள்?

அம்மாவின் பழைய போனை வாங்கி, வெளியாள் மாதிரி நுழைந்து பார்த்தேன். திண்ணைதான்.

அந்தத் தளம் வேர்ட்பிரஸில் ஓடுவது. 2003இல் வந்த அந்த மென்பொருளுக்கு, வேண்டிய வசதிகளைப் பிளகின்களாக ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் எழுதியிருப்பார். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. எங்கள் தளத்தில் 23 இருந்தன. தளத்தை ஒரு நகலெடுத்து, நகலில் பிளகின்களைப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் போனால் 23 தடவை. இப்படிப் பிரித்தால் ஐந்து தடவைக்குள் இடம் தெரிந்துவிடும்.

தெரிந்தது இதுதான். பக்கங்கள் மெதுவாக வருகின்றன என்று நிறுவனத் தலைவர் குறைப்பட்டதால், பொங்கலுக்கு முன்பு கேஷ் பிளகின் ஒன்றைச் சேர்த்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் புதிதாக உலை வைக்காமல், வடித்து வைத்ததை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. விதை விலைப் பட்டியலுக்கு அது போதும். நுழைவுப் பக்கத்துக்கு ஆகாது. அந்தப் பக்கத்தோடு ஒரு ரகசியச் சீட்டு போகிறது. வேர்ட்பிரஸில் அதற்கு அதிகபட்சம் ஒரு நாள்தான் ஆயுள். நானோ பக்கங்களை ஒரு வாரம் வைத்திருக்கும்படி கேஷ் பிளகினுக்குச் சொல்லியிருந்தேன். அதனால் போட்ட அன்று எல்லாம் சரியாக ஓடி, மறுநாள் எல்லாருக்கும் பழைய சீட்டு போனது. செல்லாத சீட்டோடு வந்தவர்களை வாசல் திருப்பி அனுப்பியது. அதைத் தப்பான முயற்சி என்று எண்ணிக்கொண்டே வந்த காவல் பிளகின், ஐந்தாவது தடவையில் பூட்டிவிட்டது. செல்பேசி நிறுவனங்கள் பல பேரை ஒரே இணைய முகவரியின் பின்னால் நிறுத்துவதுண்டு. அதனால் பெரியப்பா ஐந்து முறை தட்டியதற்கு, முயற்சியே செய்யாத பக்கத்து ஊர்க்காரருக்கும் கதவு மூடியது.

வேர்ட்பிரஸின் சொந்த நுழைவுப் பக்கத்தைச் சேமிக்கக் கூடாது என்று கேஷ் பிளகின்களுக்குத் தெரியும். நான் ஆசையாகச் செய்த 'உறுப்பினர் வாசல்' அதற்கு இன்னொரு பக்கம், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அது வழக்கமாகப் பழையதைக் கொடுப்பதில்லை. நான் எப்போதும் உள்ளே இருப்பவள். நின்றது மதகில்.

கேஷை அணைத்தாலும், என் வாசலை எடுத்தாலும் தகராறு தீர்ந்தது; காவலை அணைத்தால் பூட்டு மட்டும் விழவில்லை. அப்படியானால் குற்றவாளி யார்? மூன்றும் அவற்றின் வேலையைச் சரியாகத்தான் செய்தன. வரப்புத் தகராறில் இரண்டு பேரிடமும் பட்டா இருப்பது போலத்தான். நுழைவுப் பக்கத்தைச் சேமிக்காதே என்று ஒரு வரி சேர்த்து, பூட்டியதைத் திறந்துவிட்டேன். நிமிட வேலை. ஆனால் அதற்குள் இரண்டு நாள் முறை போய்விட்டது. சிலர் தரகரிடம் கூடுதல் வாடகைக்கு பெல்ட் அறுப்பு வண்டி பிடித்தார்கள்.

இதற்கு என் தொழிலில் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: ஓடுகிற தளத்தில் கை வைக்காதே, எதையும் புதுப்பிக்காதே. அது ஆபத்து. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த 'ரியலி சிம்பிள் செக்யூரிட்டி' என்ற காவல் பிளகினில் 2024 நவம்பரில் ஓர் ஓட்டை வெளியானது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருந்த தளங்களில், கடவுச்சொல் இல்லாமலே ஓர் அந்நியர் நிர்வாகியாக நுழைய முடியும். பூட்டுப் போட வந்ததே கதவைத் திறந்து வைத்தது. புதுப்பிக்கத்தான் வேண்டும். புதுப்பித்த பிறகு, அன்றும் மறுநாளும், வெளியே நின்று கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்கு யாரும் கூலி ஒதுக்குவதில்லை. தளம் செய்யப் பணம் உண்டு, பார்த்துக்கொள்ள இல்லை. மதகு கட்டிவிட்டு லஸ்கர் போடாத கதை.

இதை என் தொழில் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட, பயிர்க் காப்பீடு செய்ய, பிஎம்-கிசான் தவணை வாங்க என்று எல்லாவற்றுக்கும் இன்று இணையப் பதிவு இருக்கிறது. அறுத்த நெல் ஒரு ராத்திரி மழையில் நனைந்தால் ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். சீட்டின் ஆயுளுக்காக நெல் காத்திருக்காது. வாசல் வைக்கிற எவரும், அரசோ தனியாரோ, அது அடைத்துக்கொண்டால் கூப்பிட ஓர் ஆளையும் பதிந்துகொள்ள ஒரு நோட்டையும் வைக்கட்டும். "கடவுச்சொல்லை மறந்திருப்பீங்க" என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய பதில்.

அப்பா தினமும் மதகில் தண்ணீர் எத்தனை அடி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். நானும் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்: தேதி, பிளகின், கேட்டவர், வெளியே நின்று சோதித்தவர். முதல் வரி அந்தக் கேஷ் பிளகின். அதில் கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.