சேம அச்சு எங்கே?

சில வாரங்களுக்கு முன் ஒரு சிறிய இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் தம் பயணக் கட்டுரையை வாசித்தார். தார்ப் பாலையைப் பற்றிய கட்டுரை. மணலின் மௌனம், நட்சத்திரங்களின் நெருக்கம், தன்னை இழத்தல் எல்லாம் இருந்தன. இறுதியில், பாலைக்குள் வெறுங்கையோடு போகிறவனே பயணி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் சுமந்து செல்பவன் சுற்றுலாக்காரன் என்று முடித்திருந்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. நான் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்; கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

நான் குள்ளஞ்சாவடிக்காரன். எங்கள் ஊர் செம்மண்ணையும் முந்திரித் தோப்புகளையும் அறிந்தவர்களுக்கு அங்கே பாலை இல்லை என்பது தெரியும். ஆனால் சாலையோரத்தில் என் தாய்மாமா வைத்திருந்த பஞ்சர் கடை இருந்தது. ஒரு தகரக் கூரை, பாதியாய் வெட்டிய தகரப் பீப்பாயில் தண்ணீர், ஒரு கைப்பம்பு, உப்புத்தாள், சொல்யூஷன் டப்பா. நெய்வேலிக்கு ஷிஃப்டு வேலைக்குச் செல்லும் சைக்கிள்கள் விடியுமுன் அங்கே வந்து நிற்கும். ஒரு டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மாமா சொல்வார்: "ஓட்டை எங்கன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுதுடா." விமர்சனம் என்றால் என்ன என்று பிற்பாடு பல நூல்களில் படித்தேன். இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிப் பார்த்ததில்லை.

நண்பரின் கட்டுரைக்கு வருவோம். வெறுங்கைப் பயணம் நம் மரபிலேயே இருக்கிறது, பாலைத் திணை தனிமையின் திணை என்றார் அவர். மரபை அழைத்துவிட்டதால் மரபிலிருந்தே பதில் சொல்கிறேன். புறநானூற்றின் 102ஆம் பாடலை ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினி மீது பாடியிருக்கிறார். உப்பு வணிகரான உமணர் பாரம் மிகுந்த வண்டியோடு புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகத்தைப் பழகாதவை. வழியோ பள்ளமும் மேடும். எங்கே எது முறியும் என்று யாருக்குத் தெரியும்? எனவே வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேம அச்சு என்பது அதன் பெயர். அந்த அச்சைப் போன்றவன் நீ என்பதே ஔவை அவனுக்குச் சூட்டும் புகழ்.

இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒரு வீரனைப் புகழப் புலி இருந்தது, களிறு இருந்தது, கதிரவன் இருந்தான். ஔவை எடுத்தது ஸ்டெப்னியை. கரடுமுரடான வழியில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை அறிந்த மனம்தான் இப்படி ஓர் உவமையைக் காணும். உமணர் கோழைகள் என்று ஔவைக்குத் தோன்றவில்லை. அவர்கள் திரும்பி வருவதையே தொழிலாகக் கொண்டவர்கள். வெறுங்கையோடு போகும் உமணன் ஒரே ஒருமுறைதான் போவான்.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் பழுதான சக்கரத்தின் மீது இறுக்கிப் பூட்டக்கூடிய காற்றடைத்த மாற்று வளையம் ஒன்றைச் செய்து விற்றார்கள். ஆரக்கால்கள் இல்லாத வளையம் அது. அந்தச் சரக்கு மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. தெருவின் பெயர் மட்டும் நம் லாரி ஓட்டுநர்களின் நாவில் இன்றும் வாழ்கிறது. சேம அச்சு என்ற சொல்லைப் புலவர்கள் ஏட்டில் காத்தார்கள், ஸ்டெப்னியை ஓட்டுநர்கள் வாயில் காத்தார்கள். இரண்டும் ஒரே பொருள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய எழுத்தாளன் ஸ்டெப்னியே வேண்டாம் என்கிறான்!

மேலை இலக்கியத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்களும் உண்டு. செயிந்த் எக்ஸுபெரியின் 'குட்டி இளவரசன்' (1943) பழுதான விமானத்தோடு சஹாராவில் தன்னந்தனியாக இருக்கும் விமானியிடமிருந்து தொடங்குகிறது. கூட மெக்கானிக் இல்லை. அந்தத் தனிமைதான் அக்கதையின் கருவறை என்பார்கள். சரி. ஆனால் 1935 டிசம்பர் 30 அன்று எக்ஸுபெரியின் விமானம் லிபியப் பாலையில் உண்மையாகவே விழுந்தபோது அவர் தனியாக இல்லை. ஆந்த்ரே பிரெவோ என்ற மெக்கானிக் உடன் இருந்தார். இருவரும் நாவறண்டு நாள்கணக்கில் நடந்தார்கள். ஒரு பெதூயின் அவர்களைக் கண்டு தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். 1939இல் வந்த தன் அனுபவ நூலில் எக்ஸுபெரி பிரெவோவை மறைக்கவில்லை. உரிய இடம் கொடுத்தார். நான்கு ஆண்டுகளில் அனுபவம் கதையாக மாறியபோது மெக்கானிக் காணாமல் போனார். எக்ஸுபெரிக்கு அந்த உரிமை உண்டு. அவர் முதலில் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் கனவு கண்டார். நாம் கடனையே வாங்காதது போல நேராகக் கனவுக்குப் போகிறோம்.

மறுபக்கத்தில் ராஃல்ப் பாக்னால்டு இருக்கிறார். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். எகிப்திலிருந்து ஃபோர்டு கார்களில் லிபிய மணற்கடலுக்குள் சென்றவர். டயரில் காற்றைக் குறைத்தால் அது மணலில் பரந்து படியும், புதையாது என்பதையும், புதைந்துவிட்டால் சக்கரத்தின் அடியில் எஃகுத் தகடுகளைச் செருகி வண்டியை மீட்கலாம் என்பதையும் அவரும் அவருடைய தோழர்களும் பயணங்களின் ஊடாகவே தேர்ந்து தெளிந்தார்கள். அந்தப் பயணங்களைப் பற்றிய அவருடைய நூல் 1935இல் வெளிவந்தது. மணல் ஏன் குன்றாகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1941இல் காற்றில் நகரும் மணலின் இயற்பியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்றும் அத்துறையின் அடிப்படை நூல் அது. சக்கரம் ஏன் புதைகிறது என்று குனிந்து பார்த்தவனுக்கே மணல் தன் ரகசியத்தைச் சொல்லியது.

ஒண்டாச்சியின் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' (1992) நாவலையும் நண்பர்கள் அடிக்கடி சொல்வார்கள். கொழும்பில் பிறந்தவர் என்பதால் நமக்குக் கூடுதல் உரிமை. ஆனால் அந்நாவலின் கவித்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் கிப் என்ற சீக்கியன் வெடிகுண்டைக் கம்பி கம்பியாய்ப் பிரித்துச் செயலிழக்கச் செய்யும் பக்கங்களை நாம் புரட்டிவிடுகிறோம். கை வேலையை இவ்வளவு பொறுமையோடு எழுதியதால்தான் அந்நாவலின் காதலை நாம் நம்புகிறோம்.

இலக்கியம் என்ன, டயர் மாற்றும் கையேடா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கையேடு கேட்கவில்லை, உண்மை கேட்கிறேன். என் தரப்புக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நெய்வேலி நிறுவனம் ராஜஸ்தானில் பிகானீருக்கு அருகே பர்சிங்சரில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் நடத்துகிறது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தார் அவ்வளவு அந்நியம் அன்று. 2012 டிசம்பரில் அங்கே பணியிலிருந்த நண்பனைப் பார்க்கப் போனேன். இருவரும் ஒரு வாடகை ஜீப்பில் ஜெய்சல்மேர் நோக்கிக் கிளம்பினோம். நடுவில் சாலையை விட்டு இறங்கி மணலில் போகச் சொன்னது நான்தான். ஒரு மணி நேரத்தில் பின்சக்கரம் படுத்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சீமைக் கருவேல முள். குள்ளஞ்சாவடி ஏரிக்கரையில் என் சைக்கிளைக் குத்திய அதே முள். ஸ்டெப்னி இருந்தது, அதில் காற்று இல்லை. வண்டியை வாடகைக்கு விட்டவர்கள் அதை எந்தக் காலத்தில் பார்த்தார்களோ.

ஓட்டுநர் அறுபதை நெருங்கியவர். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி உருளாமல் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினார். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியை வைத்தால் அது மணலுக்குள் இறங்கியது, வண்டி எழவில்லை. ஒரு பலகைத் துண்டு இருந்தால் போதும், எங்களிடம் அதுவும் இல்லை. காற்றில்லாத ஸ்டெப்னியை இழுத்து வந்து படுக்கவைத்து அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினார். வண்டி எழுந்தது. இரண்டு இரும்புப் பட்டைகளால் டயரின் விளிம்பை நெம்பி டியூபை உருவினார். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று என் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. அது குடிப்பதற்கு. டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தார். பிறகு இன்னோரிடத்தில். இரண்டு ஓட்டைகள். டயரின் உட்புறத்தை விரலால் தடவி, ஒடிந்து நின்ற முள்நுனியையும் எடுத்தார். அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அரை மணியில் மறுபடி பஞ்சர். ஒட்டி, மாட்டி, கைப்பம்பில் காற்றடித்தார். மற்ற மூன்று சக்கரங்களிலோ காற்றை இறக்கினார். நாங்கள் திகைத்தோம். மணல் தாண்டி கெட்டிச் சாலை ஏறியதும் நிறுத்தி, நான்கிலும் மீண்டும் அடித்தார். காற்று குறைந்த டயர் தார்ச்சாலையில் வேகமாக ஓடினால் சூடேறிக் கிழியும். எல்லாம் முடிய மூன்று மணி நேரம்.

ஊர் திரும்பி ஒரு கட்டுரை எழுதினேன். சிற்றிதழில் வந்தது. அதில் வன்னி மரத்தின் நிழல் இருந்தது, அந்தி இருந்தது, மௌனம் ஏராளமாக இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தின் மௌனம்தான் அது. அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது நான் சும்மா உட்கார்ந்திருந்த மௌனம். ஓட்டுநர் ஒரு வரியில் வந்தார். அதுவும் 'வண்டியில் ஏதோ கோளாறு' என்ற வரிக்குள். இதழை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி. ஜீப்பு எப்படிடா திரும்பி வந்துச்சு?"

என் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. நண்பரின் கட்டுரையிலும் இல்லை.

இது நடை பற்றிய சச்சரவு மட்டும் என்றால் விட்டுவிடலாம். வெறுங்கைப் பயணத்தை அழகாக எழுதும்போது அதை நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் சவூதி அரேபியாவின் ரப் அல் காலி பாலையில் தெலங்கானாவைச் சேர்ந்த ஓர் இளைஞரும் உடன் சென்ற சூடான் நாட்டவரும் இறந்துகிடந்தார்கள். வழிகாட்டும் கருவிக்குச் சமிக்ஞை இல்லை, எரிபொருள் தீர்ந்தது, கைப்பேசி அணைந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. அவர்கள் சாகசத்துக்குப் போகவில்லை. வேலைக்குப் போனவர்கள். நம் மாவட்டத்திலிருந்தும் வளைகுடாவுக்கு ஓட்டுநர்களாகப் போயிருக்கிறார்கள். பாலை அவர்களுக்குத் திணை அன்று, பணியிடம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, எதுவும் எடுத்துச் செல்லாதவனே உண்மையான பயணி என்ற வரியை வாசித்துக்காட்ட நம்மில் யாருக்காவது நா எழுமா?

மனப்பான்மை எழுத்தில் மட்டும் இல்லை. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் கார்களில் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று ஆயிற்று. நகரத்துக்குள் இது பொருந்தலாம். எடை குறைகிறது, இடம் மிச்சமாகிறது. ஆனால் அந்தப் பெட்டி தரையைத் தொடும் பகுதியில் முள்ளோ ஆணியோ இட்ட சிறு ஓட்டைக்குத்தான் உதவும். கூரிய கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் எந்தப் பசையும் பயன்படாது. சக்கரத்தையே மாற்ற வேண்டும். பாலையில் கிழிவது பெரும்பாலும் அந்தப் பக்கச்சுவர்தான், அதுவும் காற்றைக் குறைத்து அது புடைத்து நிற்கும்போது. விதி ஸ்டெப்னியைக் கழற்ற அனுமதித்தது, கவிஞன் அதைக் கழற்றியதைக் கொண்டாடுகிறான்.

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். பாலைக்குப் போங்கள். மௌனத்தை எழுதுங்கள். ஒரு பலகைத் துண்டையும் நல்ல காற்றுள்ள ஒரு ஸ்டெப்னியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இயன்றால் இரண்டு வண்டிகளாகப் போங்கள். தண்ணீரைக் குடிக்க மட்டும் வையுங்கள். வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள்; தேடி வருபவர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டிதான் முதலில் படும். திரும்பி வந்து எழுதும்போது, உங்களைத் திரும்பக் கொண்டுவந்தவரையும் எழுதுங்கள். ஔவை ஓர் அச்சுக்குக் கொடுத்த இடத்தை நாம் ஒரு மனிதருக்குக் கொடுக்கக் கூடாதா?

மாமாவின் கடை இப்போது இல்லை. கேள்வி இருக்கிறது. அடுத்த பயணக் கட்டுரையை யார் வாசித்தாலும் எழுந்து நின்று அதையே கேட்பேன்.