மாயக் கதைக்கும் முறை உண்டு

நுழையுமுன்
சிறுவயதில் கதை கேட்கும்போது, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்கிறோம். சற்று வளர்ந்தபின், “அது எப்படி ஆயிற்று?” என்று கேட்கத் தொடங்குகிறோம். இரண்டாவது கேள்வியைக் கேட்பவரைக் கதையின் சுவையைக் கெடுப்பவர் என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியா? இக்கருத்துக் கட்டுரையைப் படித்து, நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஒரு பழைய வழக்கு

“மந்திர மோதிரத்தை நம்புகிறாய், ஆயிரம் ஆண்டுகள் வாழ்பவரை நம்புகிறாய், குதிரைப்படை உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததை மட்டும் நம்பமாட்டாயா?” மாயக்கதைத் தொடரைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பவரை இப்படி மடக்குவது வழக்கம். கேட்பதற்கு இது நல்ல வாதம்போல் தோன்றும். ஆயினும் இதில் ஒரு பிழை உண்டு. அப்பிழையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்னும் தொடர் வெளிவந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் புதினத்தின் பின்னிணைப்புகளில் உள்ள குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்பட்டது அது. தமிழிலும் குரல்மாற்றம் செய்யப்பட்டமையால், உங்களில் சிலர் வீட்டாரோடு அமர்ந்து பார்த்திருக்கக்கூடும். எட்டுப் பகுதிகள் கொண்ட அதன் முதற்பருவம் வெளியான நாள்தொட்டு, உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அதன் கதைப்போக்கை வரிவரியாக ஆராயத் தொடங்கினர். அக்கேள்விகளுள் சில கூர்மையானவை, சில வீணானவை, சிலவோ கேள்விகளே அல்ல. இம்மூன்றையும் பிரித்தறிவது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய திறன்.

பச்சைச் சூரியன்

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். மாயக்கதைகளைப் பற்றி அவர் 1939இல் ஓர் உரை நிகழ்த்தினார். அதில் அவர் கூறிய கருத்து இது: சூரியன் பச்சை நிறமானது என்று சொல்வது எவர்க்கும் எளிது. அந்தச் சூரியன் நம்பத்தக்கதாக விளங்கும் ஓர் உலகை உருவாக்குவதே கடினம். அதற்கு உழைப்பும் சிந்தனையும் வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். சூரியன் பச்சையானால் நிழல் எவ்வாறு இருக்கும்? பயிர் எந்நிறத்தில் விளையும்? அங்குள்ள குழந்தை சூரியனை வரைய எந்த வண்ணத்தை எடுக்கும்? இவற்றுக்கெல்லாம் ஒத்துப்போகும் விடை அந்தக் கதைக்குள் இருக்குமானால், நாம் பச்சைச் சூரியனை மனமுவந்து ஏற்கிறோம். முதற்பக்கத்தில் பச்சையாக இருந்த சூரியன் காரணமின்றிப் பத்தாம் பக்கத்தில் சிவந்துவிட்டால், நம் மனம் கதையைவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

நம் உலகத்தின் விதியை மாயக்கதை மீறலாம். தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதியை மீறலாகாது. தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இது புதிதன்று. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்று ‘மாறுகொளக் கூறல்’. முன்னே சொன்னதற்கு முரணாகப் பின்னே சொல்லுதல் என்பது அதன் பொருள். இலக்கண நூலைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்குற்றம் கதைக்கும் பொருந்தும். ஆகவே, மோதிரத்தை நம்புபவர் குதிரைப்படையைப் பற்றிக் கேட்பதில் முரண் ஏதும் இல்லை. மோதிரம் அவ்வுலகின் விதிக்கு உட்பட்டது. குதிரையோ அவ்வுலகிலும் குதிரைதான்.

ஆசிரியரே முதல் திறனாய்வாளர்

இத்தகைய கேள்விகளை ரசிகர்களுக்கு முன்பே தமக்குத்தாமே கேட்டுக்கொண்டவர் டோல்கீன். தம் புதினத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, நிலவு ஓரிடத்தில் எழும் அதே வேளையில் வேறோர் இடத்தில் மறைவதாகத் தாம் எழுதியிருப்பதை அவர் கண்டார். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று அவர் விட்டுவிடவில்லை. கதையில் நாள்களின் கணக்கையும் நிலவின் நிலையையும் ஒத்துப்பார்த்துத் திருத்தினார்.

இன்னொரு சான்று மேலும் சுவையானது. 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நூலில், விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மோதிரத்தையே பரிசாகத் தருவதாகக் கொல்லம் என்னும் பாத்திரம் ஒப்புக்கொள்கிறது. பின்னர் எழுதிய பெரிய புதினத்திலோ, அம்மோதிரம் தன்னை வைத்திருப்பவரை அடிமையாக்கிக்கொள்ளும் கொடிய பொருளாக மாறியது. அத்தகைய பொருளை ஒருவர் எவ்வாறு மனமுவந்து தர முன்வருவார்? இம்முரணைக் களைய, 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த இயலை ஆசிரியர் மாற்றி எழுதினார். பழைய வடிவத்தையும் அவர் வீணாக்கவில்லை. அது, மோதிரத்தைப் பெற்ற பில்போ முதலில் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே அதற்கு இடமளித்தார்.

1958இல் அப்புதினத்தைத் திரைப்படமாக்க விரும்பிய சிலர் கதைச்சுருக்கம் ஒன்றை அவரிடம் அனுப்பினர். அதில் கதைமாந்தரை இங்குமங்கும் தூக்கிச் செல்லப் பெருங்கழுகுகள் தாராளமாகப் பயன்பட்டிருந்தன. கழுகுகள் ஆபத்தான கருவி என்றும், தாம் அவற்றைச் சிக்கனமாகவே கையாண்டதாகவும், அதற்குமேல் போனால் நம்பகத்தன்மை கெடும் என்றும் டோல்கீன் எழுதினார். இலையுதிர்காலத்தில் தொடங்கிப் பனிக்காலத்தைக் கடந்து வசந்தத்தில் முடியும் பயணத்தைச் சுருக்குவது கதையின் பொருளையே சிதைக்கும் என்றும் கண்டித்தார். அப்படம் எடுக்கப்படவில்லை. தழுவலின் கதைப்போக்கைக் கேள்வி கேட்பது அன்பில்லாதவர் செயல் என்று சொல்வோர், அன்று கேள்வி கேட்டவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்று கேள்விகள்

இனித் தொடருக்கு வருவோம். ரசிகர்கள் எழுப்பிய கேள்விகளுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: மேற்கே கடல் கடந்து செல்லும் கப்பலிலிருந்து கலாட்ரியல் கடலில் குதித்துவிடுகிறாள். பெருங்கடலை நீந்தியே கடப்பதுதான் அவள் எண்ணமா? நடுக்கடலில் அவளை ஏற்றிக்கொள்ள ஒரு தெப்பமும், பின்னர் ஒரு கப்பலும் சரியாக வந்து சேர்ந்தது எப்படி? இக்கேள்வியில் பாதியளவே வலிமை உண்டு. அவள் மனிதப் பெண் அல்லள். பல நூற்றாண்டுகள் வாழ்ந்த எல்ஃப் இனத்துப் போர்வீராங்கனை. தெப்பமும் கப்பலும் தற்செயலாக வந்தவை என்பது உண்மையே. ஆயினும், தொடக்கத்தில் வரும் தற்செயல் கதைமாந்தரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. தெப்பத்தில் அவள் சந்திப்பவனே பின்னாளில் பெருந்துன்பத்திற்குக் காரணமாகிறான். அத்தகைய தற்செயலை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: கடல் கடந்து வந்த நூமெனார்க் குதிரைப்படை, ஊர்மக்கள் வெட்டுண்ணவிருக்கும் அதே கணத்தில் அச்சிற்றூரை வந்தடைகிறது. எத்தனை நாள் பயணம் அது? எந்த ஊர் என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? இக்கேள்வி வலிமையானது. ஏனெனில், இத்தற்செயல் கதைமாந்தரைச் சிக்கலிலிருந்து விடுவிக்கிறது. ஊர்மக்களின் துணிவோ அறிவோ அவர்களைக் காக்கவில்லை, நேரம் காத்தது. பயணத்தின் களைப்பையும் தேடலின் தவிப்பையும் இரண்டு காட்சிகளில் காட்டியிருந்தால் அவ்வருகை நம்மை மகிழ்வித்திருக்கும்.

மூன்றாவது: எரிமலை வெடிக்கிறது. தீச்சாம்பல் பெருக்கு ஊரை விழுங்குகிறது. கலாட்ரியல் அதை எதிர்நோக்கி நிற்க, ஆறாம் பகுதி முடிகிறது. அடுத்த பகுதியில் அவள் சாம்பல் படிந்த உடலோடு எழுந்து நடக்கிறாள். மனிதர் பலரும் எழுகின்றனர். மெய்யுலகில் இத்தகைய பெருக்கு பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும். அதன் வெப்பம் 200 முதல் 700 பாகை செல்சியசு வரை இருக்கும். கி.பி. 79இல் பாம்பேய் நகரும், 1902இல் மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரும் இவ்வாறே அழிந்தன.

எல்ஃப் இனத்தவரைத் தீ எரிக்காது என்பது அவ்வுலகின் விதியாக இருக்கலாம். ஆயின் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதே பகுதியில் எரியும் கட்டடத்தில் ஓர் அரசி பார்வையை இழக்கிறாள், சிலர் உயிரிழக்கின்றனர். அப்படியானால் அத்தீ யாரைச் சுடும், யாரை விடும்? இவ்விடத்தில் குறை அறிவியலைப் பற்றியது மட்டுமன்று. அந்தத் தீயே கொல்லவில்லை என்றால், இனி எந்த வாளைக் கண்டு நாம் அஞ்சுவோம்? பாத்திரத்தின்மீது நாம் கொண்ட கவலை வீணாகிறது. இரசனையில் விழும் இந்த ஓட்டையைத்தான் ரசிகர் சுட்டிக்காட்டினர்.

மாற்றம் வேறு, முரண் வேறு

‘நூலில் இப்படி இல்லையே’ என்பது பலரும் எழுப்பிய குறை. டோல்கீனின் காலவரிசைப்படி, தொடர் எடுத்துக்கொண்ட இரண்டாம் யுகம் 3441 ஆண்டுகள் நீடித்தது. மோதிரங்கள் உருவானதற்கும் நூமெனார் கடலில் மூழ்கியதற்கும் இடையே 1700க்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிகின்றன. அப்படியே எடுத்தால், மனிதப் பாத்திரங்கள் ஒவ்வொரு பருவத்திலும் மாண்டு புதியவர்கள் வரவேண்டியிருக்கும். ஆகவே தொடரை எடுத்தோர் காலத்தைச் சுருக்கினர். இது திரைவடிவத்தின் தேவை. இதனைக் குற்றம் என்பது, கம்பளியைப் பருத்தி அல்ல என்று குறை கூறுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும், சுருக்கியவர்க்கு ஒரு கடமை உண்டு. நன்னூல் கூறும் மற்றொரு குற்றம் ‘குன்றக் கூறல்’. வேண்டிய அளவுக்குக் குறைத்துச் சொல்லுதல். காலத்தைச் சுருக்கலாம், காரணத்தைச் சுருக்கலாகாது. மாற்றத்தைக் கண்டால், “இம்மாற்றம் கதைக்கு என்ன தந்தது?” என்று கேளுங்கள். முரணைக் கண்டால், “இது முன்னர்ச் சொன்னதோடு எவ்வாறு பொருந்தும்?” என்று கேளுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

கேள்வி என்னும் போர்வை

இனிச் சொல்லவிருப்பது கசப்பானது. எனினும் சொல்லியாக வேண்டியது. இத்தொடரில் அரோந்திர் என்னும் எல்ஃப் வீரனாகவும், டீசா என்னும் குள்ளர் இன இளவரசியாகவும் கறுப்பு நிறத்தவர் நடித்தனர். உடனே சிலர், “எல்ஃப் இனத்தில் கறுத்த மேனியர் எப்படி இருக்கமுடியும்? இதில் தருக்கம் எங்கே?” என்று எழுப்பினர். நடிகர்கள் இழிசொற்களுக்கு ஆளாயினர். முன்பு வந்த திரைப்படங்களில் நடித்த எலைஜா வுட் முதலியோர், பல நிறக் காதுகள் வரைந்த சட்டைகளை அணிந்து, அனைவரும் வருக என்னும் பொருள்பட அவர்களுக்குத் துணைநின்றனர்.

இறவா மனிதரையும் பேசும் மரத்தையும் ஏற்றுக்கொண்ட ஒருவருக்குத் தோலின் நிறம் மட்டும் நம்ப முடியாததாகத் தோன்றினால், அவர் கதையின் விதியைப் பற்றிக் கேட்கவில்லை. தம் மனத்திலுள்ள விதியை நமக்குச் சொல்கிறார். எந்தக் காட்சியோடு எந்தக் காட்சி முரண்படுகிறது என்று அவரால் காட்ட முடியாது. அது திறனாய்வு என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்ட வெறுப்பு.

பெற்றோரின் பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து பயிலும் உங்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. “உன்னைப் பார்த்தால் இந்த ஊர்போல் தெரியவில்லையே” என்னும் சொல் கேள்வியைப்போல் ஒலிக்கும்; அதற்கு விடை எதிர்பார்க்கப்படுவதில்லை. அதன் வலியை அறிந்தவர்கள் நீங்கள். ஆகையால் அதே வலியை இன்னொருவருக்குத் தரும் கூட்டத்தில், கதையின்மீது கொண்ட அன்பின் பெயராலும், சேர்ந்துவிடாதீர்கள். இதற்கு மறுபுறமும் உண்டு. வெறுப்புப் பேச்சு இருந்தது என்பதற்காக, நேர்மையாகக் கேட்டவர் அனைவரையும் வெறுப்பாளர் என்று ஒதுக்கிவிடுவதும் அநீதியே. தீச்சாம்பலைப் பற்றிக் கேட்டவருக்கு உரிய விடை தரப்படவேண்டும்.

எவ்வாறு கேட்பது?

கேள்வி கேட்குமுன் காட்சியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். விடை அங்கேயே இருக்கக்கூடும். அவ்வுலகின் விதி இது என்று முதலில் சொல்லுங்கள். அதன்பின் எங்கே மீறப்பட்டது என்று காட்டுங்கள். படைத்தவர் பக்கம் நின்று, அவருக்கு என்ன நெருக்கடி இருந்திருக்கும் என்றும் எண்ணுங்கள். இயலுமானால், நீங்கள் எழுதியிருந்தால் அக்காட்சியை எவ்வாறு அமைத்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். பாத்திரத்தையும் கதைப்போக்கையும் பற்றிப் பேசுங்கள். நடித்தவரின் உருவத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

இவ்வாறு கேட்கப் பழகியவர், நாளை ஒரு செய்தியையோ விளம்பரத்தையோ மேடைப்பேச்சையோ கேட்கும்போதும், “சற்றுமுன் வேறுவிதமாகச் சொன்னீர்களே” என்று பணிவோடும் தெளிவோடும் கேட்பார். மாயக்கதை அதற்கு நல்ல பயிற்சிக்களம். அடுத்தமுறை, “கதைதானே, விடு” என்று யாரேனும் சொன்னால், விட்டுவிட வேண்டியதில்லை. கதை என்பதால்தான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

பயிற்சி

1. ‘மாறுகொளக் கூறல்’, ‘குன்றக் கூறல்’ ஆகியவற்றை நீங்கள் பார்த்த ஒரு தொடரிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
2. தொடக்கத்தில் வரும் தற்செயலுக்கும் முடிவில் வரும் தற்செயலுக்கும் கட்டுரையாசிரியர் காட்டும் வேறுபாடு யாது? அதனை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.
3. ‘தி ஹாபிட்’ நூலின் ஓர் இயலை டோல்கீன் மாற்றி எழுதியது ஏன்? பழைய வடிவத்தை அவர் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டார்?
4. குதிரைப்படை வந்து சேரும் காட்சிக்கு முன் இடம்பெறத்தக்க ஒரு காட்சியை நூறு சொற்களில் எழுதுக.
5. “கற்பனைக் கதையில் காரணம் தேடுவது வீண்” என்னும் தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக. இக்கட்டுரையில் இல்லாத சான்று ஒன்றையேனும் ஒவ்வோர் அணியும் தருக.