அறுபதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்

ஊனத்தை மதிப்பிடும் வழிகாட்டு நெறிமுறைகளை 2024 மார்ச்சில் மத்திய அரசில் புதுப்பித்தார்கள். அக்டோபரில் விதிகளையும் திருத்தினார்கள். எத்தனை சதவீத ஊனத்துக்கு வெள்ளை அடையாள அட்டை, எத்தனைக்கு மஞ்சள், எத்தனைக்கு நீலம் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். ஊனச் சான்றுக்கான காத்திருப்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டினார்கள். இவ்வளவுக்கும் நேரம் இருந்தவர்களுக்குக் காது விஷயத்தில் அந்த அறுபதைத் திருத்த மட்டும் தோன்றவில்லை. இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் சட்டப்படி ஒருவருக்குக் காது மந்தம். 59 என்றால் வீட்டுக்குப் போகலாம்.

நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தமே ஏறக்குறைய 60 டெசிபல்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேச்சு அறவே விழாமல் போகும்வரை பொறுத்திரு என்பதே இந்தக் கணக்கின் பொருள். நன்றாகக் கேட்கும் காதில் இழப்பு 35 டெசிபலைத் தாண்டினாலே உதவி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முப்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் நிற்பவர்களை நம் சட்டம் கண்டுகொள்வதே இல்லை.

அவர்களில் விசைத்தறிக்காரர்களை எடுத்துக்கொள்வோம். ஓயாத இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளை. உயிரொலிகள் காதில் விழும்; ச, த போன்ற மெய்கள் நழுவும். "கேக்குது, ஆனா புரியல" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஆடியோகிராம் பரிசோதனையிலோ 500, 1,000, 2,000, 4,000 என்று நான்கு அதிர்வெண்களில் உள்ள இழப்பைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். நாலாவதில் பாழானதை முதல் இரண்டும் மூடி மறைத்துவிடும். இரைச்சலால் வரும் செவியிழப்பைத் தொழிலாளர் சட்டம் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே ஆள் ஊனச் சான்றுக்குப் போனால், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒன்றுமில்லையா? தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் அடுக்கிய பதினான்கில் அதிகப் பங்கு, 7 சதவீதம், செவியிழப்புக்கும் கெட்ட கொழுப்புக்கும்தான். லேசான செவியிழப்பு உள்ளவர்களிடமே கீழே விழுவது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். லேசான இழப்பு என்பது அறுபதின் கிட்டக்கூட வராது. மருத்துவர் 'சாப்பாட்டுக்கு முன்' என்றாரா 'பின்' என்றாரா என்று இன்னொரு முறை கேட்கக் கூசித் தலையாட்டிவிட்டு வரும் சர்க்கரை நோயாளியை எந்த ஆய்வில் சேர்ப்பது? வீட்டில் பேச்சு குறையும், விசேஷங்களுக்குப் போவது நிற்கும், மனச்சோர்வு பிடிக்கும். வயதாகிவிட்டது என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள்.

பார்வை மங்கிய முதியவருக்கு அரசுத் திட்டத்திலேயே இலவசக் கண்ணாடி உண்டு. அதற்கு ஊனச் சான்றா கேட்கிறார்கள்? காது மெஷின் தரும் திட்டங்கள் பலவற்றில் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

போலிச் சான்றுகளைத் தடுக்கத்தான் இத்தனை கெடுபிடி என்பார்கள். போலியைப் பிடிப்பது அதிகாரியின் வேலை. அதற்கான தண்டனையை உண்மையிலேயே காது கேளாதவர் ஏன் சுமக்க வேண்டும்?

இந்த அரசாங்கத்தாரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது! 1995 ஊனமுற்றோர் சட்டத்திலும் இதே அறுபதுதான். 2016-ல் ஊனப் பட்டியலை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தபோதும் இதைத் தொடவில்லை. ரயில் சலுகைக்குக் காது கேளாமல் இருந்தால் போதாது, வாயும் பேச வராமல் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதியவர்களும் இந்த வகையறாதான். காது கேளாதவர் வண்டி ஓட்டினால் ஊருக்கே ஆபத்து என்று உரிமம் மறுத்து வந்தார்கள். 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது வழக்குப் போட்டால்தான் இவர்கள் காதில் விழுகிறது. ஆடியோகிராம் எடுக்க வேண்டியது முதலில் இவர்களுக்குத்தான்.

எல்லைக்கோடு கீழே இறங்கியாக வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதை நிபுணர்களையும், முக்கியமாகக் காது கேளாதவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யட்டும். அட்டையின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.